உப்புக்காற்றில் ஓடும் மின்வண்டிக்கு பேட்டரிப் பெட்டி: பட்டறைக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மண்டபம், பாம்பன், தொண்டி, கீழக்கரை பக்கம் மின்சார லோடு ஆட்டோவில் மீனோ கருவாடோ ஏற்றுகிறவர்களுக்காகவும், அந்த வண்டிகளுக்கு பேட்டரி பேக் கட்டித்தரும் தொழிலில் புதிதாக இறங்குகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். பெட்டி வடிவமைப்பு பற்றிப் படிக்கக் கிடைப்பதெல்லாம் உள்நாட்டு நகரங்களை மனதில் வைத்து எழுதியவை. அங்கே சூட்டைச் சமாளித்தால் போதும். இங்கே கச்சான் அடித்தாலும் வாடை அடித்தாலும் உப்பு வந்து சேரும். மீன் வண்டி என்றால் ஐஸ் உருகிய உப்புத்தண்ணீர் மேலிருந்தும் சொட்டும். விவரத்தை ஒரே இடத்தில் யாரும் சொல்லவில்லை. பட்டறை, அலுவலகம், டீலர் என்று அலைந்து துண்டு துண்டாகச் சேர்த்தேன். நீங்களும் அப்படி அலைய வேண்டாம்.

கணக்குகளுக்கு ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்கிறேன். 3.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பிரிஸ்மாட்டிக், அதாவது பெட்டி வடிவச் செல் 16, வரிசையாகத் தொடுத்தது. மொத்தம் 51.2 வோல்ட், 5.12 கிலோவாட்-மணி. வெளிப்பெட்டி 600 × 400 × 250 மில்லிமீட்டர்.

1. வண்டி எந்த வகை என்று பாருங்கள்

அளவு நாடாவை எடுக்கும் முன் ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள். இரண்டு சக்கரம், மூன்று சக்கரம் என்றால் எல் வகை. அதன் பேட்டரிக்கு ஏ.ஐ.எஸ். (இந்திய வாகனத் தொழில் தரநிலை) 156. நான்கு சக்கர பயணி வண்டி, சரக்கு வண்டி என்றால் எம், என் வகை, அதற்கு ஏ.ஐ.எஸ். 038, இரண்டாம் திருத்தப் பதிப்பு. ஏ.ஐ.எஸ். 156-இன் மூன்றாம் திருத்தம் இரண்டு கட்டமாக, 2022 டிசம்பர் 1-இலும் 2023 மார்ச் 31-இலும் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய வரைபடத்தை வைத்துக்கொண்டு "இது பாஸ் ஆன டிசைன் சார்" என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

புதிதாக வருகிறவர்கள் அதிகம் குழம்பும் இடம் ஒன்று உண்டு. பெட்டிக்கென்று தனியாகச் சான்றிதழ் கிடையாது. செல், பி.எம்.எஸ். (பேட்டரியைக் கண்காணிக்கும் மின்னணுப் பலகை), வயரிங், பெட்டி எல்லாம் சேர்ந்த முழு பேக்கைத்தான் சோதிப்பார்கள். அதனால் சோதனை முடிந்தபின் பெட்டியின் உலோகத்தையோ வென்ட் (காற்றுப்போக்கி) இருக்கும் இடத்தையோ மாற்றினால் பழைய சான்றிதழ் அப்படியே செல்லும் என்று எண்ண வேண்டாம். சோதித்த நிலையத்திடம் மாற்றத்தைக் காட்டி, எந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

சொந்த வண்டியில் பழைய பேட்டரியைக் கழற்றிவிட்டு வேறு பேக் மாட்ட நினைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பதிவுச் சான்றில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. மாட்டிவிட்டு அனுமதி கேட்கலாம் என்பார்கள் பட்டறைக்காரர்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பதில் சொல்லப்போவது அவர்கள் இல்லை. ராமநாதபுரம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தனியாக எழுதுங்கள்.

2. காகிதம் முதலில், காசு பிறகு

செல்லுக்கு முன்பணம் கொடுக்கும் முன் டீலரிடம் கையில் வாங்க வேண்டியவை:

செல்லின் முழு டேட்டா ஷீட். விளம்பரத் தாள் உதவாது. சார்ஜ் செய்யும்போதும் ஓடும்போதும் உச்ச வெப்பநிலை தனித்தனியாக எவ்வளவு, உள் மின்தடை எவ்வளவு, செல்லை எவ்வளவு விசையில் இறுக்க வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

ஐ.எஸ். 16893 (செல்லுக்கான இந்தியத் தரநிலை) சோதனை அறிக்கை. இரண்டாம், மூன்றாம் பாகங்கள். அறிக்கையில் உள்ள மாடல் எண்ணும் செல்லின் மேல் அச்சிட்ட எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியில் ஓர் எழுத்து மாறியிருந்தால் அது வேறு செல்.

யு.என். 38.3 (லித்தியம் பேட்டரியை ஏற்றி அனுப்புவதற்கான பாதுகாப்புச் சோதனை) சுருக்கம். லித்தியம் பேட்டரி அபாயகரச் சரக்கில் ஒன்பதாம் வகுப்பு. தனியாக அனுப்பினால் யு.என். 3480 என்ற எண்ணில் போகும். இந்தத் தாள் இல்லையென்றால் சோதனைக்கு பேக் அனுப்பும் நாளில் லாரி ஆபீஸ் வாசலில் நிற்பீர்கள். சாதாரண பார்சல் என்று பொய் சொல்லி அனுப்புகிற வேலை வேண்டாம்.

அலுமினியத் தகட்டின் மில் சான்றிதழ் (ஆலை தரும் தரச்சான்று), ஜி.எஸ்.டி. பில், பி.எம்.எஸ். விவரத்தாள், திருத்த எண்ணும் தேதியும் போட்ட வரைபடம். வரைபடத்தில் ஒரு துளை நகர்ந்தாலும் புதிய திருத்த எண் கொடுங்கள். பட்டறையில் பழைய தாளைக் கிழித்துப் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் அதைப் பார்த்துத்தான் வெட்டுவார்கள். தொழிலாகச் செய்பவர்கள் உத்யம் (சிறுதொழில்) பதிவையும் முடித்து வைக்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை. கட்டணம் கேட்கிறவர் இடைத்தரகர்.

3. எவ்வளவு சூடு என்று கணக்குப் போடுங்கள்

குளிரூட்டல் என்றதும் பம்பு, ரேடியேட்டர் என்று ஓடாதீர்கள். ஒரு தாளும் பேனாவும் போதும்.

மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் சூடு வரும். ஓடும் நிலையில் ஒரு செல்லின் தடையை ஒரு மில்லிஓம் என்று வைப்போம். சமதரையில் 40 ஆம்பியர் இழுத்தால் செல்லுக்கு 1.6 வாட், 16 செல்லுக்கும் சேர்த்து சுமார் 26 வாட். பாம்பன் சாலைப் பாலத்தின் ஏற்றத்தில் நிறைந்த லோடுடன் 100 ஆம்பியர் இழுத்தால் செல்லுக்கு 10 வாட், மொத்தம் 160 வாட். மின்னோட்டம் இரண்டரை மடங்கு, சூடு ஆறு மடங்குக்கு மேல்.

16 செல்லும் சேர்ந்து சுமார் 32 கிலோ. ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 1,000 ஜூல் வேண்டும். அப்படியென்றால் 26 வாட்டில், வெளியே துளிச் சூடு போகாவிட்டாலும், மணிக்கு மூன்று டிகிரிதான் ஏறும். 160 வாட் ஒரு மணி நேரம் நீடித்தால் 18 டிகிரி. பாலம் ஏறுவது ஓரிரு நிமிட வேலை, அதனால் பயமில்லை. ஆனால் 100 ஆம்பியரில் ஒரு மணி நேரம் வேகமாகச் சார்ஜ் போட்டால் இதே 18 டிகிரி ஏறும். மே மாத மதியத்தில் 38 டிகிரியில் தொடங்கினால் 56-இல் போய் நிற்கும். பல செல்களுக்குச் சார்ஜ் எல்லை 45, சிலவற்றுக்கு 55. பிரச்சினை ஓட்டத்தில் இல்லை, சார்ஜில் இருக்கிறது.

மறுபக்கம், நம் பெட்டியின் மொத்தப் பரப்பு கிட்டத்தட்ட ஒரு சதுர மீட்டர். வெளிக்காற்றைவிடப் பெட்டிச் சுவர் பத்து டிகிரி சூடாக இருந்தாலே, காற்று அசையாத இடத்திலும் 50 வாட்டுக்கு மேல் தானாக வெளியேறும். ஆக, இரவில் மெதுவாகச் சார்ஜ் ஏற்றி, பகலில் நிதானமாக ஓடும் எல்.எஃப்.பி. மீன் வண்டிக்கு மின்விசிறியும் வேண்டாம், பம்பும் வேண்டாம். செல்லின் சூடு பெட்டிச் சுவருக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் போதும். என்.எம்.சி. (நிக்கல்-மாங்கனீசு-கோபால்ட்) செல், வேகச் சார்ஜ், பெரிய பேக் என்றால் கணக்கு மாறும்.

4. சூடு வெளியே போகட்டும், காற்று உள்ளே வர வேண்டாம்

பெட்டியில் ஓட்டை போட்டு கம்ப்யூட்டர் ஃபேன் மாட்டுவது நம் பக்கம் நிறையப் பார்க்கலாம். ஒரு மழைக்காலம் தாண்டியதும் அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள்: செல்களை இணைக்கும் செம்புப் பட்டையான பஸ்பாரில் பச்சை பூத்திருக்கும், பி.எம்.எஸ். பலகையின் கால்களில் வெள்ளைப் பொடி. கடற்காற்றை உள்ளே இழுக்கும் எந்த வடிவமைப்பும் இங்கே வேண்டாம். வடிகட்டி வைத்தாலும் உப்பின் நுண்துளி உள்ளே வரும். வராத அளவு நெருக்கமான வடிகட்டி வைத்தால் காற்றே போகாது.

வழி இதுதான். அடித்தகடு 6 மில்லிமீட்டர் அலுமினியம். அதன் மேல் வெப்பம் கடத்தும், மின்சாரம் கடத்தாத தெர்மல் பேட். அதன் மேல் செல். வண்டி ஓடும்போது அடித்தகட்டில் காற்று உரசிப் போகும். தேவையென்றால் தகட்டின் வெளிப்பக்கம், ஓடும் திசையில், அகன்ற இடைவெளியுடன் துடுப்புகள் வையுங்கள். நெருக்கமான துடுப்பில் சேறும் மீன் செதிலும் அடைத்துக்கொள்ளும். விசிறி கட்டாயம் வேண்டும் என்றால் பெட்டிக்கு வெளியே துடுப்பின் மேல் வையுங்கள். அது உப்பில் செத்தால் விசிறியோடு போகும், பேட்டரியோடு போகாது.

பேட் வாங்கும்போது ஒரு பொறி. பல பிரிஸ்மாட்டிக் செல்களின் அலுமினிய உறை நேர்முனையோடு மின்தொடர்பில் இருக்கும். மேலே சுற்றிய நீலப் பிளாஸ்டிக் உறையை நம்பி நேராகத் தகட்டில் வைத்தால், அதிர்வில் உறை தேய்ந்ததும் பெட்டியே மின்னேறிவிடும். மின்காப்பு எத்தனை வோல்ட் தாங்கும் என்று எழுதியிருக்கும் பேட்டையே வாங்குங்கள்.

திரவக் குளிரூட்டல் தேவைப்படுகிறவர்கள் இரண்டு விதியை மறக்க வேண்டாம். குழாய் இணைப்பு எதுவும் பெட்டிக்குள் வரக்கூடாது. குளிர்தகடு பெட்டியின் அடியாக இருக்கட்டும், இணைப்புகள் வெளியே. கூலன்ட்டை அளவுக்கு மீறிக் குளிர்விக்கக் கூடாது. நம் கடற்கரையில் காற்றின் ஈரம் 25 டிகிரியை ஒட்டியே பனித்துளியாகிவிடும் நாட்கள் நிறைய. 18 டிகிரிக் கூலன்ட் ஓடவிட்டால், ஐஸ் மோர் டம்ளர் வியர்ப்பதுபோல் தகடு வியர்த்து, அந்தத் தண்ணீர் செல்லடியில் தேங்கும்.

5. தகடு, பூச்சு, போல்ட்

இரும்புத் தகடு மலிவு. சீக்கிரம் துருவும், கனமும் கூட. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 304 என்றால் துருவே பிடிக்காது என்று எண்ண வேண்டாம். கடல் உப்பில் அதில் ஊசிமுனைக் குழிகள் விழும். தவிர, அலுமினியம் கடத்தும் வெப்பத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் அது கடத்தும். நான் சொல்வது 5052 ரக அலுமினியம், சுவர் 3 மில்லிமீட்டர், அடி 6. கடலோர வேலைக்கு ஏற்றது, நன்றாக வளையும், ஆர்கான் வெல்டிங் எடுக்கும். வெல்டிங் கம்பி 5356 என்று கேளுங்கள். 6061 வலுவானதுதான், ஆனால் வெல்டிங் ஓடிய இடத்தில் அந்த வலு குறைந்துவிடும்.

அலுமினியத்தோடு செம்போ பித்தளையோ நேராகத் தொட்டால், நடுவில் உப்பு ஈரம் சேர்ந்ததும் அலுமினியம் கரையத் தொடங்கும். எர்த் வயரின் செம்பு லக் (வயர் முனையில் அழுத்திப் பொருத்தும் துண்டு), பித்தளை கேபிள் க்ளாண்ட் (வயர் பெட்டிக்குள் நுழையும் இடத்து அடைப்பு) இரண்டும் வழக்கமான குற்றவாளிகள். வெள்ளீயம் பூசிய லக், நைலான் அல்லது நிக்கல் பூசிய க்ளாண்ட் கேளுங்கள். போல்ட் 316 ஸ்டெயின்லெஸ். அடியில் நைலான் வாஷர், துளையில் நைலான் புஷ்.

பூச்சு வெள்ளை பவுடர் கோட்டிங், 60 முதல் 80 மைக்ரான். வெள்ளை வெயிலைத் திருப்பியடிக்கும்; பூசிய மேற்பரப்பு பளபளக்கும் வெறும் அலுமினியத்தைவிட நன்றாகச் சூட்டை வெளிவிடும். ஆனால் பவுடருக்கு முன் ரசாயனக் குளியல் கட்டாயம். அதைச் செய்யாமல் துடைத்துவிட்டு அடித்துத் தரும் பட்டறைகள் உண்டு. ஒரு வருடத்தில் பூச்சுக்கடியில் புழு ஊர்ந்ததுபோல் கோடு விழும். நேரில் நின்று பாருங்கள். துளைகள் எல்லாவற்றையும் பூச்சுக்கு முன்பே போட்டுவிடுங்கள். பூசியபின் போட்ட ஒவ்வொரு துளையும் அரிப்பு தொடங்கும் இடம். இப்பகுதியில் பூச்சு எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தைப் பாருங்கள்: பாலிசிலாக்சேன் பூச்சும் துருப்பிடிக்காத கம்பியும் போட்டுத்தான் கட்டியிருக்கிறார்கள்.

6. மூடி, கேஸ்கெட், மூச்சு

கேஸ்கெட் ஈ.பி.டி.எம். ரப்பர் அல்லது மூடிய துளை கொண்ட சிலிக்கான் ஸ்பாஞ்ச், ஒரே துண்டாக. போல்ட் துளைகள் கேஸ்கெட் கோட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே இருந்தால் ஒவ்வொரு போல்ட்டும் ஒரு கசிவு. போல்ட் இடைவெளி 60, 70 மில்லிமீட்டருக்கு மேல் போனால் நடுவில் மூடி தூக்கும்.

இவ்வளவு இறுக்கி மூடிய பெட்டிக்கு மூச்சு விட வழி வேண்டும். ஏன் என்று கணக்கிலேயே தெரியும். மதியம் ஓடி வந்த பெட்டிக்குள் காற்று 50 டிகிரி. மீன் இறக்கியதும் குழாயைத் திறந்து வண்டியைக் கழுவுகிறீர்கள். காற்று 28 டிகிரிக்கு இறங்குகிறது. உள்ளழுத்தம் சுமார் 7 சதவீதம் குறையும். அது 70 சென்டிமீட்டர் ஆழத் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமம். அந்த உறிஞ்சலில் கேஸ்கெட்டின் சிறு குறை வழியாகவும் வயர் இழைகளின் நடுவிலும்கூட உப்புத்தண்ணீர் உள்ளே போகும். இதைத் தடுக்க, காற்றை விட்டு நீரை விடாத சவ்வு வைத்த பிரீதர் வென்ட் ஒன்று போதும். விலை சில நூறு ரூபாய். பக்கச் சுவரில், தண்ணீர் நேராக அடிக்காத இடத்தில் வையுங்கள். அந்தச் சவ்வு ஆவியை விடும் என்பதால் உள்ளே கொஞ்சம் ஈரம் இருக்கத்தான் செய்யும், பி.எம்.எஸ். பலகைக்கு ஈரம் தடுக்கும் கன்ஃபார்மல் கோட்டிங் அடித்து வாங்குங்கள்.

இன்னொன்று. ஏ.ஐ.எஸ். 156 கேட்பது ஐ.பி.எக்ஸ்.7, அதாவது ஒரு மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம். அதில் பாஸான பெட்டி பிரஷர் வாஷரின் பீச்சலையும் தாங்கும் என்று பொருள் இல்லை. அது வேறு சோதனை. கழுவுகிற பையனிடம் சொல்லி வையுங்கள்.

7. ஒரு செல் வெடித்தால்

தெர்மல் ரன்அவே, அதாவது சூடு கட்டுக்கடங்காமல் ஏறும் நிலை, வந்த செல் கக்கும் வாயுவில் ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் ஃப்ளோரைடு எல்லாம் இருக்கும். பிரீதர் வென்ட்டின் சிறு துளை அந்த வேகத்துக்குப் போதாது. அழுத்தம் கூடினால் திறக்கும் தனி வெடிப்பு வென்ட் வேண்டும். அதன் வாய் கீழ்நோக்கி, பின்பக்கமாக. ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் ஒருபோதும் வேண்டாம். செல்களுக்கு நடுவே மைக்கா அல்லது ஏரோஜெல் தாள் வையுங்கள். இது அடுத்த செல்லுக்குச் சூடு தாவுவதைத் தாமதப்படுத்தும். கைக்குக் கிடைத்தது என்று தெர்மோகோல் வைத்துக் கட்டியதையும் பார்த்திருக்கிறேன், அது எரிபொருள்.

8. சொந்தச் சோதனை

செல் ஏற்றும் முன் காலிப் பெட்டியைச் சோதியுங்கள். பிரீதரை அடைத்து, சைக்கிள் பம்பால் மெல்லக் காற்றேற்றி, தண்ணீர் ஊற்றிய யு வடிவ டியூபில் 50 சென்டிமீட்டர் வித்தியாசம் வரை ஏற்றுங்கள். பத்து நிமிடம் மட்டம் இறங்கக் கூடாது. சோப்பு நுரை தடவினால் கசிவு குமிழும். இதற்கு மேல் ஏற்றாதீர்கள். இந்த அழுத்தத்திலேயே மூடியின் மேல் 120 கிலோ எடை வைத்தாற்போன்ற விசை இருக்கும்.

பிறகு பேக்கைக் கட்டி, வண்டியில் ஏற்றி, செல்களின் நடுவிலும் ஓரத்திலும் சென்சார் வைத்து ஒரு மதியம் ஓட்டிப் பாருங்கள். நடுச் செல்லுக்கும் ஓரச் செல்லுக்கும் ஐந்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பேட் சரியாக ஒட்டவில்லை.

9. செலவு எங்கே போகிறது

நம் பெட்டியின் அலுமினியம் சுமார் 10 கிலோ. வெட்டுக் கழிவு சேர்த்து 12, 13 கிலோவுக்குப் பணம் கொடுப்பீர்கள். அன்றைய கிலோ விலையால் பெருக்கிப் பார்த்தால், பட்டறை சொல்லும் மொத்தத்தில் உலோகம் சிறு பங்குதான், மீதி வளைப்பு, வெல்டிங், பூச்சு என்று புரியும். பேரம் பேச வேண்டிய இடம் அது. கேஸ்கெட்டிலும் க்ளாண்டிலும் மிச்சம் பிடிக்காதீர்கள். லித்தியம் பேட்டரிக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், வண்டிக்கு 5 என்று கேட்ட நினைவில் பேட்டரிக்கும் அதே கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பெரிய செலவு சான்றிதழ்ச் சோதனை. அது லட்சங்களில் வரும். சோதனைகளில் பேக் அழியும். ஒன்றுக்கு மேற்பட்ட மாதிரி கேட்பார்கள், அவற்றின் விலையும் உங்கள் தலையில். நமக்குப் பக்கம் சென்னையை அடுத்த ஒரகடத்தில் உள்ள ஜி.ஏ.ஆர்.சி. என்ற வாகனச் சோதனை மையம். மேற்கோள் கேட்கும்போது ஜி.எஸ்.டி. சேர்த்தா, எத்தனை மாதிரி, தோற்றால் மறுசோதனைக்கு எவ்வளவு என்று மூன்றையும் எழுதி வாங்குங்கள்.

10. எப்போது தொடங்குவது

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். மீன் வண்டிகளுக்கு வேலை குறையும் அந்தக் காலத்தில் பெட்டியை மாட்டுங்கள். வெயிலும் உச்சத்தில் இருப்பதால் சூட்டுச் சோதனை இலவசமாக முடியும். அதற்கு ஜனவரியிலேயே வரைபடமும் காகிதமும் தயாராக வேண்டும். பூச்சுப் பட்டறையில் ஒற்றைப் பெட்டியை யாரும் அவசரமாக எடுக்க மாட்டார்கள், பெரிய ஆர்டரோடு சேர்த்துத்தான் அடுப்பில் ஏற்றுவார்கள். சான்றிதழ் தேவைப்படும் தொழில்காரர்கள் சோதனை மையத்தின் தேதியை முதலில் வாங்கி, அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். சிலிக்கான் பசை காய ஒரு முழு நாள் என்பதையும் கணக்கில் சேருங்கள். பெட்டியை மூடும் வேலையை மழை நாளில் வைக்காதீர்கள்.

11. மாட்டிய பிறகு

வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரால், சாதாரண குழாயில், பெட்டி ஆறியபின் கழுவுங்கள். ஓடி வந்த சூட்டோடு சார்ஜில் போடாதீர்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், தை பிறந்து ஒரு நாள் மூடியைத் திறந்து பாருங்கள். திறந்தால் கேஸ்கெட்டை மாற்றியே மூட வேண்டும், அதனால் புதியதைக் கையில் வைத்துக்கொண்டு திறங்கள். வண்டியில் எங்காவது வெல்டிங் வைக்க வேண்டியிருந்தால் பேக்கைக் கழற்றி இறக்கிவிட்டுத்தான். ஆயுள் முடிந்த செல்லைப் பழைய இரும்புக் கடையில் போடாதீர்கள்; பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022-இன்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர வேண்டும். விற்ற டீலரே திரும்ப எடுத்துக்கொள்வாரா என்பதை வாங்கும் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.